தீர விசாரிக்கப் போனவர்

மச்சான் சஹாபுதீன் நல்ல சேதியோடு படியேறியதாகப் பொன்னேரி வீட்டில் யாருக்கும் நினைவில்லை. அன்றைக்கும் அப்படித்தான். ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பழவேற்காட்டிலிருந்து காலையில் வந்த இறாலை உரித்துக் குடலெடுத்து அலசி, அவருடைய அக்கா சைதாவும் அக்கா மகள் ஜபீனும் மசாலா பிசைந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். குடையை மடக்கினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் ஜபீனைப் பார்த்து, "நீ செத்த உள்ள போம்மா" என்றார்.

ஜபீன் போனாள். போனாளே தவிர அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றாள். அந்த வீட்டில் உள்ளே என்று சொல்ல வேறு இடமும் கிடையாது.

"மச்சான், நீங்க பேசி வச்சிக்கிறீங்களே பையன், ரிஜ்வான், அவன கும்முடிப்பூண்டி பாருல பாத்தேன்" என்றார் சஹாபுதீன், கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஹனீப் பாயிடம். "ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல. எப்ப அந்தாண்ட போனாலும் பாக்கறேன். ராத்திரில பூந்து பூந்து வரான்."

"நீ இன்னாத்துக்குடா பாராண்ட போன?" என்றாள் சைதா, மசாலாக் கையோடு.

"நான் எங்கக்கா போனேன்? பஸ்லேந்து பாத்தேன்."

"பஸ்லேந்து தலையத் திருப்பி பாருக்குள்ள பாத்தியா?"

"பாத்தியாக்கா, நல்லது சொன்னா என்னயே நோண்டுற. நாளிக்குப் பொண்ணு கண்ணக் கசக்கினு வந்து நின்னா அப்ப தெரியும்."

கொளுத்திப் போட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவருக்கென்ன, போய்விட்டார். இருப்பவர்கள் அல்லவா அதை வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ஹனீப் பாய் ஒருகாலத்தில் பழவேற்காட்டில் பெரிய கை. ஏரி இறாலை ஐஸ் பெட்டியில் அடைத்து லாரி லாரியாக அனுப்பியவர். மூட்டு வலி வந்தது, வாங்கிக்கொண்டிருந்த கம்பெனியும் வேறு ஊருக்குப் போனது. இப்போது குடும்பம் நடப்பது சைதாவின் கைப்பக்குவத்தில். மிளகாய், சோம்பு, பூண்டு எல்லாரும் போடுவதுதான். சைதா அதோடு சென்னாக்கூனியை, அந்தப் பொடிப் பொடியான காய்ந்த இறாலை, வறுத்து இடித்துத் தூவுவாள். அது அவள் உம்மா வீட்டுப் பழக்கம், வேறு எந்த வீட்டிலும் கிடையாது. மசாலா தடவிய இறாலை டப்பா டப்பாவாக ஆட்டோக்கார லோகு எடுத்துப் போவான். சிப்காட் கம்பெனி கேன்டீனுக்கு. "நம்ம எறாவத் துன்னுட்டுத்தான் அந்த இரும்புக் கம்பெனிங்க ஓடுது" என்று ஹனீப் பாய் பள்ளிவாசலில் பெருமை பேசுவது உண்டு.

ரிஜ்வான் கும்மிடிப்பூண்டிக்காரன். வாப்பா இல்லாத பையன். உம்மா ஷஹனாஸ் தையல் மிஷின் மிதித்து வளர்த்தாள். ஐஸ் கம்பெனியில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான் என்று சொன்னார்கள். ஐஸ் எங்கே போகிறது என்று இவர்கள் கேட்கவில்லை. மீன் மார்க்கெட்டுக்கு என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். ஐஸ் என்றால் மீனுக்கு என்பதற்கு மேல் பழவேற்காட்டுக்காரர்களுக்கு யோசிக்கத் தெரியாது. வந்த வரனுக்கெல்லாம் மூக்கைச் சுளித்த ஜபீன் இவன் வந்து போன அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கொடியில் காய்ந்த துணியை மடித்து வைத்தாள். மடித்ததையே மறுபடியும் எடுத்து மடித்தாள். சைதாவுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பதில் சொல்வதாகப் பேச்சு.

"அந்தப் பையனயே கூப்ட்டு கேட்டா இன்னாங்க?" என்றாள் சைதா.

"கேட்டா சொல்லிடுவானா? குடிக்கிறவன் எவன் ஆமா நான் குடிக்கிறேன்னு சொல்லிக்கீறான்?"

"அப்போ உங்க மச்சான் சொன்னத நம்பி வேணான்னு சொல்லிடலாமா?"

கதவுக்குப் பின்னால் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

ஹனீப் பாய் அந்தச் சத்தத்தைக் கேட்டார். "கண்ணால காண்றதும் பொய்யி, காதால கேக்கறதும் பொய்யி, தீர விசாரிக்கறதுதான் மெய்யி" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். "நானே போயி பாத்துட்டு வந்துர்றேன்."

"எங்க?"

"பாருக்குத்தான்."

சைதா வாயில் மசாலாக் கையை வைத்துவிட்டாள். அப்புறம் காரம் தாங்காமல் தண்ணீருக்கு ஓடினாள்.

வியாழக்கிழமை ராத்திரி இஷா தொழுதுவிட்டு ரயில் ஏறினார். கவரப்பேட்டை தாண்டியதும் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் இறங்கி விசாரிப்பதற்கே கூச்சமாக இருந்தது. ஒரு வழிப்போக்கரிடம், "இந்தப் பக்கம் அந்த... அது..." என்றார். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நேரா போயி பெட்ரோல் பங்கு பின்னால பாய்" என்றார். தொப்பியைக் கழற்றிய மனுசன் தாடியை மறந்துவிட்டார்.

கும்மிடிப்பூண்டியில் ராத்திரி பகல் என்று தனித்தனியாகக் கிடையாது. இரும்பு உருக்கும் ஆலைகளின் வெளிச்சம் மேகத்தில் சிவப்பாக ஏறியிருக்கும். ஒரு ஷிப்டு உள்ளே போகும், ஒரு ஷிப்டு வெளியே வரும். வந்தவர்களில் பாதிப்பேர் நேராகப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால்தான் வருகிறார்கள். முன்பக்க ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஹனீப் பாய் குனிந்தார்.

உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மழை அதன்மேல் தடதடவென்று விழுந்தது. ஈரத் தரை, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலிகள், ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல். புருவத்தில் இரும்புத் தூள் படிந்த ஆட்கள். ஒரு மேசையில் இந்தி, ஒரு மேசையில் ஒடியா, இன்னொன்றில் தெலுங்கு. தமிழ் எங்கேயோ மூலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஊரே எழுந்து நின்று "நீங்களா பாய்!" என்று கேட்கும் என்றல்லவா வழியெல்லாம் பயந்து வந்தார்.

சப்ளையர் வந்து துணியால் மேசையைத் துடைத்தான். துடைத்ததும் மேசை இன்னும் அழுக்கானது.

"இன்னா வோணும் பாய்?"

"சோடா."

"அப்பால?"

"சோடாதான்."

"சோடா வச்சிக்கினு குந்தறதுக்கு இது பஸ் ஸ்டாண்டா பாய்? சைடு டிஷ்ஷாவது சொல்லு. எறா கீது. நம்ம கடையில அதான் பேமஸு."

"சரி, குடு" என்றார்.

எதிரில் ஒரு ஆள் வந்து தொப்பென்று உட்கார்ந்தான். நாற்பது வயது இருக்கும். ஆலைச் சட்டையில் அங்கங்கே பொறி பட்டு ஓட்டை. பேர் பார்த்திபன் என்றும், ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம் என்றும், ஆள் வராததால் தொடர்ந்து ரெண்டு ஷிப்டு பார்த்து வருவதாகவும் கேட்காமலே சொன்னான்.

"இன்னா நைனா, தனியா கீற? கட்டிங் போடலாமா?"

கட்டிங் என்றால் என்னவென்று ஹனீப் பாய்க்குத் தெரியும். பழவேற்காட்டில் படகுக்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறார். ஒரு குவார்ட்டரை முன்பின் தெரியாத ரெண்டு பேர் சேர்ந்து வாங்கி ஆளுக்குப் பாதி ஊற்றிக்கொள்வது. அவர் மனசுக்குள் ஒரு யோசனை ஓடியது. சரி என்று சொல்வோம். நம் பங்கையும் இவனே குடிக்கட்டும். நாக்கு இளகினால் பையனைப் பற்றிக் கேட்டுவிடலாம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

ஹனீப் பாய் நீட்டிய பாதிக் காசோடு பார்த்திபன் போய் வாங்கி வந்தான். ரெண்டு பிளாஸ்டிக் கிளாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்து ஊற்றினான். ஒன்றில் ஒரு சொட்டு கூடியது. அதை மற்றதில் சரித்துச் சமம் பண்ணினான். ஹனீப் பாயின் கிளாஸைத்தான் முதலில் நகர்த்தினான்.

"எனக்கு வேணாம்பா. நீயே ரெண்டையும் சாப்டு" என்றார் ஹனீப் பாய்.

பார்த்திபனுக்கு முகம் மாறிவிட்டது. "இன்னா நைனா பேசற? உன் பங்க நான் குடிக்கவா? நான் பிச்ச எடுக்க வந்தேனா? கட்டிங் போட்டா உன்து உனக்கு, என்து எனக்கு. பாதில எந்திரிச்சிப் போறவன் கூட தன் பங்க முடிச்சிட்டுத்தான் போவான். மனுசன மதிக்கணும் நைனா."

"இல்லப்பா, அப்பால சாப்டறேன். மெதுவா."

"அது நாயம்."

இப்படியாக வாழ்நாளில் வாசனைகூடப் பார்த்திராத ஒரு சாமான் ஹனீப் பாயின் மூக்குக்கு நேராக வந்து உட்கார்ந்தது. தள்ளி வைத்தால் பார்த்திபன் நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் இழுத்தால் நாற்றம் மூக்கில் ஏறியது.

"ஐஸ் வண்டி ஓட்ற பையன் ஒர்த்தன், ரிஜ்வான்னு. இங்க வருவானாமே?" என்றார் பட்டும் படாமலும்.

"நம்ம ஐஸு தம்பியா? தெனம் வருவான்."

"குடிப்பானா?"

"பாருக்கு வரவன் குடிக்காம பாயசமா சாப்டுவான்?"

கொஞ்சம் கழித்துப் பார்த்திபன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு நைனா, அவன் கிளாஸ் புட்சி நான் பாத்ததில்ல."

"அப்போ குடிக்க மாட்டானா?"

"குடிக்க மாட்டான்னு எப்டி சொல்றது? ஒரு நாளு பாரு வாசல்ல குந்திக்கினு அழுதான். குடிக்காதவன் இன்னாத்துக்கு அழுவான்?" மறுபடியும் யோசித்தான். "அது அவனா, தண்ணி கேன் போடற பையனான்னு எனக்கே இப்ப சந்தேகமா கீது."

விசாரிக்க விசாரிக்கப் பையன் ஒரு நிமிஷம் குடிகாரனாகவும் மறு நிமிஷம் நல்லவனாகவும் மாறிக்கொண்டிருந்தான். ஹனீப் பாய் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தட்டு வந்தது. பொரித்த இறால், மேலே கறிவேப்பிலை.

பசித்தது. கை தானாக எடுத்தது, வாய் தானாக பிஸ்மில்லா சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றது. இந்த இடத்தில் அதைச் சொல்லலாமா? சொல்லாமல் சாப்பிடலாமா? ரெண்டும் தப்பாகத் தோன்றியது. மனசுக்குள் சொல்லிக்கொண்டு வாயில் போட்டார்.

போட்டவர் மெல்லவில்லை.

சோம்பு, பூண்டு, அதற்குப் பின்னால் தொண்டையில் இறங்கும்போது மெல்ல எழும்பும் வறுத்த கூனி வாசனை. இன்னொன்று எடுத்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. வால் நுனியை ஒட்ட நறுக்காமல் விட்டு உரித்திருப்பது ஜபீனின் கை.

"இந்த எறா எங்கேந்துப்பா வருது?"

"யாரோ லோகுன்னு ஆட்டோக்காரன் போடறான். எவளோ ஒரு புண்ணியவதி செய்றாளாம். அவ கை நல்லா இருக்கணும் நைனா. எட்டு மணி நேரம் நெருப்பாண்ட நின்னுட்டு வரவனுக்கு இது ஒண்ணுதான் நாக்குல ஒட்டுது." அதைச் சொல்லி முடித்தவன் தன் பங்கை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேசையில் தலையைச் சாய்த்தான். சாய்த்த வேகத்தில் குறட்டை வந்தது.

ஹனீப் பாய் தட்டைத் தள்ளி வைத்தார். கேன்டீன் என்று லோகு சொன்னது பொய். பாருக்குப் போகிற பையனுக்குப் பெண் தரலாமா என்று பார்க்க வந்த இடத்தில் அவர் வீட்டு உலையே இங்கிருந்துதான் கொதிக்கிறது. சைதாவிடம் சொல்வதா? சொன்னால் நாளையிலிருந்து எதை வைத்து நாஷ்டா, எதை வைத்துக் கல்யாணம்? கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது எதிரில் தன் கிளாஸ் நிரம்பி நிற்பதைப் பார்த்தார். விட்டுப் போனால் விழித்ததும் பார்த்திபன் வருத்தப்படுவான். அவனுடைய காலிக் கிளாஸில் ஊற்றி வைத்துவிடலாம் என்று எண்ணி எடுத்தார். சிந்தாமல் இருக்க முகத்துக்கு நேராக உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"மாமா?"

தோளில் ஐஸ் மூட்டையோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ரிஜ்வான் நின்றான்.

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலே ஊர் நம்பாது. இவர் கையில் இருந்தது பாலும் இல்லை.

பையன் சத்தம் போடவில்லை. மூட்டையைக் கொண்டுபோய் உள்ளே இறக்கினான். திரும்பி வந்தான். அவர் விரல்களுக்குள்ளிருந்து கிளாஸை, தூங்குகிற குழந்தை கையிலிருந்து எடுப்பதுபோல, மெதுவாக எடுத்து மேசையில் வைத்தான்.

"வாங்க மாமா. ட்ரெயின் போய்டிச்சி. நானே ஊட்ல வுட்டுட்றேன்."

குட்டியானையில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாலையில் மழை வாங்கு வாங்கென்று வாங்கியது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது, அதுவும் ஓட்டுகிறவன் பக்கம். இவருக்கு முன்னால் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

"தம்பி, நான் வந்து... அது இன்னான்னா..."

"சொல்ல வோணாம் மாமா. எங்க வாப்பாவும் புடிபட்டா இப்டிதான் 'அது இன்னான்னா'ன்னு ஆரம்பிப்பாரு."

ஹனீப் பாய் கையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"குடிச்சி குடிச்சேதான் எறந்தாரு. வெளிய காமாலைன்னு சொல்லிக்கிறோம். அவரத் தேடிக்கினு பாரு பாரா போயிருக்கேன் மாமா, சின்னதுல. இப்ப பாருங்க, பாருக்கு ஐஸ் போட்ற வேலதான் கெடச்சிது. மார்க்கெட் லைனுக்கு மாத்துங்கன்னு மொதலாளியாண்ட கேட்டுக்கினேகீறேன். அன்னிக்கி முடியாதுன்னுட்டாரு, வெளிய வந்து அழுதுட்டேன்."

பார்த்திபன் சொன்ன அழுகை அப்போது சரியான ஆளுடையதுதான். ஹனீப் பாய்க்குப் பையனின் தலையைத் தடவிக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், நான் குடிக்கிறவன் இல்லை, உன்னைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார்.

"உங்கூட்ல மொதல்லயே எல்லாத்தயும் சொல்லிட்டுத்தான் பொண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றான் ரிஜ்வான். "ஆனா பயந்துட்டேன். முன்ன ஒரு எடத்துல பேசி, நாள் குறிக்கற நேரத்துல பொண்ணோட பெரியப்பா பாராண்ட வந்து வேவு பாத்தாரு மாமா. ஆளாளுக்கு விசாரிச்சாரு. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கூட்டிக்கினு போயி காட்டிருப்பேன். உம்மா அன்னிக்கி ராத்திரி பூரா தூங்கல. நம்பாத ஊட்ல சம்பந்தம் வேணாம்னு அவங்களே வுட்டுட்டாங்க. நீங்க அப்டி இல்ல, ஒண்ணுமே விசாரிக்காம நம்புனீங்கன்னு உம்மாக்கு உங்கமேல அவ்ளோ மரியாத."

ஹனீப் பாய் எடுத்த வாயை மூடிக்கொண்டார். தச்சூர் கூட்டு ரோடு தாண்டும்வரை திறக்கவில்லை.

"அந்த எறா..." என்றார் கடைசியில்.

"தெரியும் மாமா. உங்கூட்டு எறாதான். லோகு அண்ணன் கேன்டீன்னு சொல்லிக்கினு இங்க போட்றாரு. எனக்கு ரொம்ப நாளா தெரியும். மாமி மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. கல்யாணத்துக்கு அப்பால நெசமாவே ஒரு கேன்டீன் புடிச்சிக் குடுத்துட்லாம்னு இருந்தேன்."

பொன்னேரியில் மழை குறைந்திருந்தது. தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலில் சைதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிந்தது. ரிஜ்வான் அந்தப் பக்கம் பார்க்காமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கோச்சிக்காதீங்க. குடிக்கிற ஊட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். மறுபடியும் அந்தக் கஷ்டம் எங்க உம்மாக்கு வேணாம். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ஒரு வார்த்த குடுங்க. இத்தோட வுட்டுட்டேன்னு. குடுத்தீங்கன்னா நாளிக்கி ஜும்மா முடிஞ்சி நாங்க வரோம். இல்லன்னா..."

ஹனீப் பாய் யோசித்தார். குடிக்கவில்லை என்று சொன்னால் பின்னே எதற்கு வந்தீர்கள் என்று கேட்பான். குடிகாரனா, வேவு பார்த்தவனா, ரெண்டில் ஒன்றாகத்தான் இந்த வண்டியிலிருந்து இறங்க முடியும். குடிகாரனை இந்தப் பையன் மன்னித்துவிடுவான். இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரை நினைத்தார். ஜன்னலில் தெரிந்த தலையையும் பார்த்தார். கை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுட்டுட்டேன் மாப்ள" என்றார். "அல்லா மேல ஆணையா இனிமே தொட மாட்டேன்."

ரிஜ்வானுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

"மொதல்ல கொஞ்ச நாளு பேஜாராத்தான் இருக்கும் மாமா. தூக்கம் வராது. கை நடுங்கும். எங்க வாப்பா அதுக்குத்தான் பயந்து மறுபடியும் போவாரு. நீங்க பொறுத்துக்கோங்க."

"பொறுத்துக்கறேன்" என்றார் ஹனீப் பாய். கை அப்போதே நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.